ஊர்ப் பயிற்றுநரின் நினைவைத் தலைமுறை தாண்டிக் காப்பது எப்படி: லொம்பார்டியின் இரசிகர்களிடம் வன்னி கற்கக்கூடியவை

வன்னியில் ஓர் உதைபந்தாட்ட அணியை இருபது முப்பது ஆண்டுகள் பழக்கியெடுத்த ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாளில் கல்வெட்டு எனப்படும் நினைவுமலர் ஒன்று வெளிவரும். அடுத்த ஆண்டு அவருடைய பெயரில் ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டி ஒன்று நடக்கும். பெரும்பாலும் சில ஆண்டுகளில் அந்தப் போட்டியும் நின்றுவிட, அவரிடம் விளையாடாத பிள்ளைகளுக்கு அவர் பழைய பதாகையொன்றில் கண்ட பெயராக மட்டும் மிஞ்சுவார். இது மாற்ற முடியாத விதி அன்று. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள கிறீன் பே நகரத்தில், 1970ஆம் ஆண்டு செப்ரெம்பர் 3ஆம் திகதி இறந்துபோன வின்ஸ் லொம்பார்டி என்ற பயிற்றுநரை, அவருடைய மறைவுக்குப் பின் பிறந்த இரசிகர்களும் தங்களுக்குப் பழக்கமான ஒருவராகவே பேசுகிறார்கள். கிறீன் பே ஒரு மாநகரம் அன்று. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 1,07,000 பேர். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நமது கிளிநொச்சி மாவட்டத்தில் இருந்தோர் ஏறத்தாழ 1,13,000 பேர். அவர்களுடைய அணியின் செல்வம் நம்மிடம் இல்லை என்பது உண்மையே. ஆனாலும் அவர்கள் நினைவைக் காத்த வழிகளிற் பல பணத்தைவிட விடாமுயற்சியையே கேட்பவை என்பதால், அவற்றை நமது விளையாட்டுக் கழகங்களுக்கு ஏற்றவாறு இங்கே விளக்க விரும்புகிறேன்.

அவர்கள் ஆடுவது நமது உதைபந்தாட்டம் அன்று. அணிக்கு 11 பேராக நின்று, முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்க்கும் ஆட்டம் அது. லொம்பார்டி 1913இல் நியூ யோர்க் நகரின் புறூக்லின் பகுதியில் இத்தாலிய வழிவந்த குடும்பத்திற் பிறந்தவர். முதலில் நியூ ஜேர்சியிலுள்ள ஒரு கத்தோலிக்கப் பாடசாலையில் இலத்தீன், இரசாயனம், பௌதிகம் ஆகியவற்றைக் கற்பித்துக்கொண்டே மாணவர் அணியைப் பழக்கினார். வகுப்பு முடிந்ததும் மைதானத்துக்கு வரும் நமது மாஸ்ரர்மாரின் வாழ்க்கைதான் அவருடைய தொடக்கமும். 1959இல் அவர் கிறீன் பே பக்கேர்ஸ் அணியைப் பொறுப்பேற்றபோது, அந்த அணி முந்தைய பருவத்தின் 12 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில்தான் வென்றிருந்தது. அவருடைய ஒன்பது பருவங்களில் 1961, 1962, 1965, 1966, 1967 என ஐந்து முறை அது வாகை சூடியது. அந்த ஆட்டத்தின் வாகையைத் தீர்மானிக்கும் இறுதியாட்டமான சுப்பர் போலின் முதல் இரண்டு போட்டிகளிலும் அதுவே வென்றது. அவர் இறந்த ஆண்டிலேயே சுப்பர் போல் கிண்ணத்துக்கு அவருடைய பெயர் இடப்பட்டது. எனினும் அவரைவிடக் கூடுதலான ஆட்டங்களை வென்ற பயிற்றுநர்கள் அந்த நாட்டிற் பலர் உண்டு. அவர்களிற் பெரும்பாலோரைப்பற்றி ஊரார் இப்படிப் பேசுவதில்லை. ஆகவே வெற்றிக் கணக்கைத் தாண்டி வேறு ஏதோ அங்கு செய்யப்பட்டிருக்கிறது.

உயிரோடு இருக்கும்போதே தொடங்குங்கள்

முதலிற் செய்யப்பட்டது, அவர் இருக்கும்போதே பதிவு செய்தது. பக்கேர்ஸ் அணியின் வீரரான ஜெரி கிறாமர், 1967ஆம் ஆண்டுப் பருவம் முழுவதும் நடந்தவற்றை ஒலிநாடாவிற் பேசிப் பதிந்துவந்தார். அது அடுத்த ஆண்டே நூலாக வெளிவந்தது. பயிற்றுநர் எப்போது சீறினார், எந்தத் தோல்விக்குப் பின் எதைச் சொன்னார் என்பனவெல்லாம் அன்றன்றைய சூட்டோடு அதில் இருப்பதால், பிற்காலத்துப் புகழுரைகள் எவற்றாலும் தரமுடியாத ஒரு மனிதரை அது காட்டுகிறது. கரும்பலகைக்கு முன் நின்று தன்னுடைய அணியின் புகழ்பெற்ற ஆட்டமுறை ஒன்றை லொம்பார்டி கோடு கோடாக விளக்கும் படச்சுருளும் எஞ்சியிருக்கிறது. விளையாட்டரங்குக்கு அருகிலுள்ள வீதிக்கு 1968இல், அவர் உயிரோடு இருந்தபோதே, அவருடைய பெயர் சூட்டப்பட்டது.

நமது ஊர்களில் இதற்கு இயல்பான தருணங்கள் உள்ளன. பயிற்றுநர் ஆசிரியராக இருந்தால் ஓய்வுபெறும்போது சேவைநயப்பு விழா நடக்கும். அறுபதாவது வயதில் மணிவிழா மலர் வெளியிடுவோரும் உண்டு. பொன்னாடையும் வாழ்த்துப்பாவும் இருக்கட்டும். அவற்றோடு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, அவரை மைதானத்துக்கு அழைத்துச் சென்று, பழைய வீரர்கள் இரண்டு மூன்று பேரை நிறுத்தி, தாம் கற்பித்ததைத் திரும்பக் கற்பிக்கச் சொல்லிக் கைத்தொலைபேசியிற் படமெடுங்கள். தொலைபேசியைப் படுக்கையாகப் பிடியுங்கள். திறந்தவெளிக் காற்று குரலை விழுங்கிவிடும் என்பதால், இன்னொரு தொலைபேசியை அவருடைய சட்டைப்பையில் வைத்துக் குரலைத் தனியாகவும் பதியுங்கள். தடியெடுத்து மண்ணிற் கோடு கீறி விளக்குவது அவருடைய வழக்கமானால் அதையே செய்யவிடுங்கள். கதிரையில் இருத்திப் பேட்டி எடுப்பது இரண்டாம் பட்சமே. ஒரு பயிற்றுநரின் அறிவு அவருடைய கைகளிலும் கால்களிலும் குரலின் ஏற்ற இறக்கத்திலும் இருக்கிறது. கேள்வி பதிலாக எழுதிய தாளில் அதன் பாதியும் வராது.

யாரிடம், எதைக் கேட்பது

அவர் ஏற்கெனவே காலமாகிவிட்டாரென்றால், மிக மூத்த வீரர்களிடம் முதலிற் செல்லுங்கள். அணித்தலைவர்களையும் கோலடித்துப் பேரெடுத்தவர்களையும் எல்லாரும் கேட்பார்கள். ஆனால் மேலதிக வீரராக வாங்கிற் பல பருவங்கள் இருந்தவரே பயிற்றுநரை மிக நெருக்கமாகக் கவனித்தவர். எதிரணியாக ஆடிய அயலூரவர், அந்தக்கால நடுவர், சீருடைகளைத் தோய்த்து உலர்த்திக் கொடுத்த வீட்டார், தூர ஊர்ப் போட்டிக்குப் போகும்போது பிள்ளைகளை நம்பி அனுப்பிய தாய்மார், இவர்களெல்லாரும் சாட்சிகள். அவருடைய மனைவியிடம் கட்டாயம் கேட்கவேண்டும். தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்த இரவில் அவர் எப்படி இருந்தார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

கேள்விகள் சிறியனவாக இருக்கட்டும். ‘ஐயா எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘நல்ல மனுசன், கண்டிப்பானவர்’ என்ற விடையே எல்லாரிடமிருந்தும் வரும். பயிற்சி எத்தனை மணிக்குத் தொடங்கியது, பிந்தி வந்தால் என்ன தண்டனை, பந்து ஒன்றுதான் இருந்தபோது இருபது பேரை எப்படிப் பழக்கினார், காலணி இல்லாத பிள்ளையை என்ன செய்தார், யாரை ஏன் அணியிலிருந்து நிறுத்தினார் என்று கேட்டால் நிகழ்ச்சிகள் வரும். ஒவ்வொருவரையும் முதலில் தனியே கேட்டுப் பதிந்துவிட்டு, பிறகு எல்லாரையும் ஒன்றாகக் கூட்டிப் பேசவைப்பது நல்லது. கூட்டத்தில் ஒருவருடைய ஞாபகம் மற்றவருடையதைத் திருத்தும், ஆனால் தொடக்கத்திலேயே கூட்டினால் உரத்த குரலுடையவரின் கதையே எல்லாருடைய கதையாகிவிடும். கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் இருப்போரை வைபரிலோ வட்ஸ்அப்பிலோ அழைத்துப் பேசலாம். பதிவு செய்யப்போவதை முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் பெறவேண்டும்.

ஆவணங்கள் அழிந்த மண்ணில்

கிறீன் பே இரசிகர்களுக்கு இல்லாத இடர் ஒன்று நமக்கு உண்டு. இடப்பெயர்வுகளிற் படங்களும் சான்றிதழ்களும் கழகத்தின் கூட்டறிக்கைப் புத்தகங்களும் கிண்ணங்களும் போய்விட்டன. 2009இல் எல்லாவற்றையும் விட்டு வெளியேறிய குடும்பத்திடம் அணிப்படம் இருக்கிறதா என்று கேட்பதற்கே தயக்கமாக இருக்கும். இந்த நிலையில் வெளிநாடுகளுக்கு முன்னரே போன உறவினர்களின் அல்பங்கள்தான் முதல் நம்பிக்கை; அணிப்படமாக இல்லாவிட்டாலும், ஒரு திருமண வீட்டுப் படத்தின் ஓரத்திலோ பாடசாலை இல்ல மெய்வல்லுநர் போட்டிப் படத்தின் பின்வரிசையிலோ அவர் நிற்கக்கூடும். பாடசாலை ஆண்டுமலர்கள், பழைய வீரர்களுடைய குடும்பங்களின் கல்வெட்டுகள், பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்கள் ஆகியவற்றையும் தேடவேண்டும். இலங்கைத் தமிழர் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி இணையத்தில் வைத்திருக்கும் நூலகம் நிறுவனத்தின் தளத்தில் ஊரின் பெயரையும் பாடசாலையின் பெயரையும் இட்டுத் தேடுவது செலவில்லாத முதற்படி. பழைய பத்திரிகைகளுக்குக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தை நாடலாம்.

ஆண்டுகளைத் துல்லியமாக நினைவிற் கொள்வோர் குறைவு. ‘எந்த ஆண்டு?’ என்பதைவிட, ‘கிளிநொச்சியால இடம்பெயர முன்னமோ பின்னமோ?’ என்று கேட்டால் 1996க்கு முன்னா பின்னா என்பது தெளிவாகும். 2002இல் ஏ9 வீதி திறந்தது, 2004 மார்கழியில் சுனாமி வந்தது, மீள்குடியேறித் தறப்பாள் கொட்டிலில் இருந்தது ஆகியவற்றை முளைகளாக அடித்துக்கொண்டால் அணிகளையும் போட்டிகளையும் அவற்றுக்கிடையே வரிசைப்படுத்திவிடலாம். உறுதியாகாத ஆண்டை ‘1998 அளவில்’ என்றே எழுதுங்கள்.

இதைவிடக் கவனமாகக் கையாளவேண்டியது அணிப்படத்தின் கீழே இடும் பெயர்கள். வன்னியின் எந்தப் பழைய அணிப்படத்திலும் இறந்தவர்கள் இருப்பார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களும் இருக்கலாம். இன்றும் மகன் வருவான் என்று காத்திருக்கும் தாயின் பிள்ளைக்கு முன்னால் ‘அமரர்’ என்று அச்சிடும் உரிமை எந்தக் கழகத்துக்கும் இல்லை. படத்தை வெளியிடுவதற்கு முன் அதிலுள்ள ஒவ்வொருவரின் வீட்டாரிடமும் காட்டி, பெயர் எப்படி வரவேண்டும், வரலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள். பயிற்றுநரின் நினைவுக்காகச் செய்யும் வேலை அவருடைய பிள்ளைகளாக வளர்ந்தவர்களின் குடும்பத்தை நோகவைக்கக்கூடாது.

கிடைத்த படங்களை அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் வருடி (ஸ்கான் செய்து) சேமிக்கலாம். மூலப்படத்தை லமினேற் செய்வது தவறு. சூடும் பசையும் படத்தைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. பின்புறத்தில் மென்மையான பென்சிலால் விபரம் எழுதி, அமிலமற்ற உறையில் இட்டு, கறையான் ஏறாத இரும்பு அலுமாரியில் வையுங்கள். எண்ணிமப் பிரதிகள் குறைந்தது மூன்று இடங்களில் இருக்கவேண்டும்: ஒன்று சனசமூக நிலையத்தில், ஒன்று பாடசாலை நூலகத்தில், ஒன்று கடல் கடந்து. இத்தனை முறை இடம்பெயர்ந்த நாம், ஒரே இடத்தில் எதையும் வைக்கக்கூடாது என்பதை எவரிடமும் கேட்டு அறியவேண்டியதில்லை.

சொன்னவற்றையும் சொல்லாதவற்றையும் பிரித்தறிதல்

லொம்பார்டி என்றதும் பலர் சொல்லும் வாசகம், ‘வெற்றி எல்லாமும் அன்று, அது ஒன்றே உள்ளது’ என்பது. அவர் அதைச் சொன்னது உண்மை. ஆனால் அவருக்கு முன்னரே, 1950ஆம் ஆண்டளவில், கலிபோர்னியாவில் றெட் சாண்டேர்ஸ் என்ற பயிற்றுநர் அதைச் சொல்லியிருந்தார். வெல்வதற்கான முயற்சியையே தாம் கருதியதாக லொம்பார்டி பின்னர் விளக்கியும், அந்த விளக்கம் வாசகத்தின் அளவுக்குப் பரவவில்லை. நமது பயிற்றுநருக்கும் இதுவே நேரும். யாரோ சொன்ன பழமொழி அவருடைய வாய்ச்சொல்லாகிவிடும். பதாகையில் ஏறியபின் அதை இறக்க முடியாது. ஆகவே ஒரு வாசகத்தைச் சுவரில் எழுதுவதற்கு முன், ஒருவரோடொருவர் கலந்துபேசாத இரு வீரர்களாவது அதைத் தனித்தனியே சொன்னார்களா என்று பாருங்கள். எந்தச் சந்தர்ப்பத்திற் சொன்னார் என்பதையும் சேர்த்தெழுதுங்கள். பேச்சுமொழியில் சொன்னதைப் பேச்சுமொழியிலேயே விடுவது நல்லது. செந்தமிழாக்கினால் அவருடைய குரல் போய்விடும்.

குறைகளை மறைக்காதீர்கள்

இதைச் சொல்வது எளிதன்று. ஆனால் நீடித்து நிற்கும் நினைவுக்கு இதுவே அடித்தளம். அலபாமாப் பல்கலைக்கழக அணியை 1958 முதல் 1982 வரை பழக்கி ஆறு தேசிய வாகைகளை வென்ற போல் பிறையன்ற், ‘கரடி’ என்ற பட்டப்பெயரோடு அந்த மாநிலத்தில் இன்றும் கொண்டாடப்படுகிறார். 1983 தை மாதத்தில், தம்முடைய கடைசி ஆட்டம் முடிந்து ஒரு மாதம் ஆவதற்குள் அவர் இறந்தபோது, உடல் சென்ற நெடுஞ்சாலை நெடுகிலும் மக்கள் திரண்டு நின்றார்கள். அதே பிறையன்ற், 1954இல் ரெக்சாஸில் வேறோர் அணியைக் கடும் வெயிலிற் பத்து நாட்கள் தண்ணீர்கூடக் கொடுக்காமல் வதைத்துப் பழக்கினார் என்பதையும், பலர் இரவோடிரவாக முகாமை விட்டு ஓடினர் என்பதையும் அவருடைய இரசிகர்கள் மறைப்பதில்லை. தாக்குப்பிடித்தவர்கள் 1979இல் அவரோடு ஒன்றுகூடினார்கள் என்பதும் அந்தக் கதையின் பகுதியே. இன்றைய பயிற்றுநர் ஒருவர் அதை வாசித்தால், பிறையன்ற்றின் உறுதியை எடுத்துக்கொண்டு தண்ணீர் மறுப்பதை விட்டுவிட முடியும். சித்திரை வெயிலிற் பிள்ளைகளைப் பழக்கும் நமக்கு இது வெறும் வரலாறு அன்று.

மறைப்பதன் விளைவுக்கும் அங்கேயே சான்று உண்டு. பென்சில்வேனியாவில் ஒரு பல்கலைக்கழக அணியைப் பழக்கிய ஜோ பற்றேர்னோ என்ற பயிற்றுநருக்கு 2001இல் வெண்கலச் சிலை எழுப்பினார்கள். அவருக்குக் கீழே நீண்டகாலம் பணியாற்றிய துணைப் பயிற்றுநர் சிறுவர்களைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கியது வெளிவந்து, அதைப் பல்கலைக்கழகத் தலைமையும் பற்றேர்னோவும் மறைத்தார்கள் என்று விசாரணை அறிக்கை குற்றஞ்சாட்டியபின், 2012 ஆடி மாதம் 22ஆம் திகதி அந்தச் சிலை அகற்றப்பட்டது. அவருடைய குடும்பத்தார் அந்த அறிக்கையின் முடிவை மறுத்தார்கள். இரசிகர்கள் இன்றும் இரண்டுபட்டே நிற்கிறார்கள். எனவே நமது தேடலின்போது ஒரு முன்னாள் மாணவரோ மாணவியோ தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொன்னால், அது மலரில் இடம்பெறுவதா இல்லையா என்ற கேள்வி பின்னால் வரட்டும். சொன்னவரின் பாதுகாப்பே முதல் வேலை, விழா அதற்காகக் காத்திருக்கலாம், நிற்கவும் செய்யலாம்.

சாதாரண குறைகளைப் பொறுத்தவரை, கோபக்காரர் என்பதையும், ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்கு அதிகம் இடங்கொடுத்தார் என்பதையும் அளவோடு எழுதலாம். நல்லதை எழுதும்போதும் இதே நுணுக்கம் வேண்டும். கறுப்பின வீரர்களுக்கு இடந்தராத கிறீன் பே விடுதிகளுக்கு முழு அணியும் போகக்கூடாது என்று லொம்பார்டி தடைவிதித்தார். ‘பாகுபாடு பாராதவர்’ என்ற புகழுரையைவிட இந்த ஒரு செய்தி அதிகம் சொல்கிறது. சாதியும் ஊரும் பார்க்காமல் அணியைத் தெரிந்தவர் நமது பயிற்றுநர் என்றால், எந்தப் போட்டியில், எவருடைய எதிர்ப்பையும் மீறி அதைச் செய்தார் என்று எழுதுங்கள்.

ஒரு பழக்கத்தைத் தெரிந்தெடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். குறித்த நேரத்துக்கு 15 நிமிடம் முன்னதாக வராதவர் பிந்தியவர் என்பது லொம்பார்டியின் விதி. கிறீன் பே விளையாட்டரங்கில் 2012இல் ஒரு பெரிய மணிக்கூட்டை நிறுவி, அதை 15 நிமிடம் முன்னதாகவே ஓடவிட்டிருக்கிறார்கள். அந்த நேரத்துக்கு லொம்பார்டி நேரம் என்று பெயர். அலபாமாவில் பிறையன்ற் அணிந்த கறுப்பு வெள்ளைக் கட்டத் தொப்பியின் கோலம் இரசிகர்களின் சட்டையிலும் சால்வையிலும் இன்றும் வாழ்கிறது. கூரைக்குக் கீழே தொப்பி போடக்கூடாது என்று தாய் சொல்லிக்கொடுத்ததால், மூடிய அரங்குகளில் ஆடும்போது அவர் அதைக் கழற்றிவிடுவார் என்ற செய்தியையும் சேர்த்தே சொல்கிறார்கள். இவற்றின் சிறப்பு என்னவென்றால், ஆட்டத்தின் நுணுக்கம் அறியாத குழந்தையும் இவற்றைச் செய்யலாம், அணியலாம், ஏன் என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு விடையாக அந்த மனிதர் வந்துவிடுவார்.

நமது பயிற்றுநரிடமும் அப்படி ஒன்று இருக்கும். ஆட்டம் தொடங்குமுன் அனைவரும் வரிசையாக நடந்து மைதானத்திலுள்ள கல்லும் முள்ளும் கண்ணாடித்துண்டும் பொறுக்கவேண்டும் என்பதோ, தோற்ற அணிதான் முதலிற் போய்க் கைகொடுக்கவேண்டும் என்பதோ, சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் மாதங்களிற் பயிற்சியைப் பாதியாக்கிப் பிள்ளைகளைப் படிக்க அனுப்பியதோ அதுவாக இருக்கலாம். சேகரித்த சாட்சியங்களில் பல தலைமுறை வீரர்களும் திரும்பத் திரும்பச் சொல்வது எதுவோ அதைக் கழகத்தின் விதியாக்கி, அவருடைய பெயராலேயே அழையுங்கள். பல பழக்கங்களைத் திணிக்கவேண்டாம். ஒன்று நிலைத்தாற் போதும்.

ஞாபகார்த்தக் கிண்ணம்

சுற்றுப்போட்டி நடத்துவதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஊர் கூடுவது அதில்தான். ஆனால் முதலாண்டிலேயே பெரும் பரிசுத்தொகையும் ஒளிவெள்ளமும் வைத்துத் தொடங்கினால், வெளிநாட்டிலிருந்து உதவிய ஒருவர் கைவிட்ட ஆண்டிற் போட்டியும் நின்றுவிடும். பங்கேற்கும் அணிகளின் நுழைவுக் கட்டணத்தையும் ஊரவரின் சிறு பங்களிப்பையும் கொண்டு நடத்தக்கூடிய அளவில் தொடங்குங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரி மழையில் மைதானம் சேறாகும் என்பதால் அந்த மாதங்களைத் தவிருங்கள். அவருடைய நினைவுநாள் அதற்குள் விழுந்தால், அன்று விளக்கேற்றி அஞ்சலி செலுத்திவிட்டுப் போட்டியைத் தைப்பொங்கலுக்குப் பின் வைக்கலாம். அவர் பாடசாலைப் பிள்ளைகளைப் பழக்கியவரானால் 15 வயதுக்குட்பட்டோர் பிரிவு கட்டாயம் இருக்கவேண்டும், பெண்பிள்ளைகளுக்கும் ஒரு பிரிவு வேண்டும். லொம்பார்டிக் கிண்ணம் ஆண்டுதோறும் புதிதாகச் செய்யப்பட்டு வென்றவர்களுக்கே சொந்தமாகிறது; நமக்குச் செலவு குறைந்ததும் பொருத்தமானதும் வென்ற அணிகளின் பெயர் பொறித்துவரும் சுழற்கிண்ணமே. விருந்தினர் உரைகளைச் சுருக்கி, இறுதியாட்டத்துக்கு முன் ஐந்து நிமிடம் மட்டும் ஒரு பழைய வீரர் பயிற்றுநரைப்பற்றிய ஒரு நிகழ்ச்சியைச் சொல்லட்டும். ஆண்டுக்கு ஒருவர், ஆண்டுக்கு ஒரு நிகழ்ச்சி. அதையும் பதிந்து முன்னைய பதிவுகளோடு சேர்த்துவையுங்கள்.

பெயர்ப்பலகையும் கல்லும்

கிறீன் பே விளையாட்டரங்கின் முன் லொம்பார்டியின் சிலை 2003இல்தான், அவர் இறந்து 33 ஆண்டுகள் கழித்தே, எழுந்தது. அந்த ஒழுங்கே நமக்கும் ஏற்றது: சாட்சியங்கள் திரண்டு, பழக்கம் வேரூன்றியபின் கல்லுக்குப் போகலாம். பொது மைதானத்துக்கோ வீதிக்கோ பெயரிடுவதானால் பிரதேச சபையின் தீர்மானம் வேண்டும். பாடசாலை மைதானமானால் அதிபர் வழியாக வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி பெறவேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கத்தினதும் விளையாட்டுக் கழகத்தினதும் கடிதங்களோடு, நீங்கள் தொகுத்த அணி விபரங்களையும் சாட்சியங்களையும் இணைத்துக் கொடுத்தால் கோரிக்கை வலுவாக இருக்கும். பலகையிற் பட்டங்களை அடுக்காமல், அவருடைய முழுப்பெயர், ஊரார் அழைத்த பெயர், பிறந்த இறந்த ஆண்டுகள், பழக்கிய அணிகளும் காலமும், கழகம் இன்றும் கைக்கொள்ளும் அவருடைய விதி ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். வன்னி வெயிலில் சாதாரண வர்ண எழுத்து சில ஆண்டுகளிலேயே மங்கிவிடும் என்பதால் எழுத்துகளைக் கருங்கல்லில் வெட்டுவிப்பது நல்லது. அதற்குப் பணம் போதாவிட்டால் வர்ணத்தில் எழுதிவிட்டு, ஒவ்வோர் ஆண்டும் சுற்றுப்போட்டிக்கு முந்திய வாரத்தில் அதைப் புதுப்பிக்கும் பொறுப்பை 15 வயதுக்குட்பட்ட அணியிடம் எழுத்துமூலம் ஒப்படையுங்கள்.